வால்மீன்: அதன் பிறப்பும் பொருளும்

வானத்தில் நாள்தோறும் காணப்படும் ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் மக்கட்கு அச்சம் விளைப்பன அல்ல. அவை தோன்றுங் காலமும் மறையுங் காலமும் வரையறைப்பட்டவை; உழவரும் பரதவரும் அவற்றை நம்பியே தத்தம் தொழிலை நடத்தி வந்தனர். ஆனால் எதிர்பாராததொரு நாளிலே தோன்றி, நீண்ட வாலை விரித்துச் சில கிழமைகள் நின்று, பின்னர் மறைந்துபோகும் வால்மீனோ அத்தன்மைத்தன்று. அதனைக் கண்ட மக்கள் எந்நாட்டிலும் நடுங்கினர். அரசன் மாய்வான், மழை பொய்க்கும், கொள்ளைநோய் பரவும் என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறினர். இவ்வச்சம் தக்கதுதானா? வால்மீன் என்பது யாது? அஃது எங்கே பிறந்தது? எப்பொருள்களால் ஆயது? இவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்கள் பல. வால்மீன், வால்வெள்ளி என்பன எளிய வழக்கு. தூமகேது என்பது வடசொல். தூமம் என்பது புகை. கேது என்பது கொடி. இதனையே இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் புகைக்கொடி எனத் தூய தமிழாற் குறிக்கின்றார். புறநானூற்றிலே பாரியின் பறம்பு நாட்டைப் பாடவந்த கபிலர், சனிக்கோள் புகைந்தாலும், தூமம் தோன்றினாலும், வெள்ளி தென்றிசை நோக்கிச் சென்றாலும், அந்நாட்டின் வளம் குன்றாது என்கின்றார். இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். வானக்குறிகளைப் பற்றி அக்கால மக்கள் கொண்டிருந்த அச்சத்தைக் கபிலர் நன்கறிவார். ஆயினும் ஒரு நாட்டின் நலமும் கேடும் வானிலே தோன்றும் புகையைச் சார்ந்தன அல்ல, அந்நாட்டை ஆள்வோன் செங்கோலைச் சார்ந்தனவே என்பது அவர் துணிபு. எரேமியா தீர்க்கதரிசியும் வானத்து அடையாளங்களைக் கண்டு கலங்குதல் ஆகாதென்று தம் மக்களை எச்சரித்தார். கடல் கடந்த இரு நாட்டுச் சான்றோரும் இவ்வொன்றிலே உடன்பட்டமை நாம் எண்ணி மகிழத்தக்கது.

மேலைநாட்டிலும் இவ்வச்சம் நெடுநாள் நிலவிற்று. ஆனால் அச்சத்தினூடே வியப்பும் இருந்தது. இத்தாலி நாட்டுப் பதுவா நகரத்துச் சிற்றாலயத்தில், 1305-ஆம் ஆண்டையொட்டி, ஜியோத்தோ என்னும் ஓவியர் ஞானியர் மூவர் பாலகனை வணங்கும் காட்சியைத் தீட்டினார். அதில் பெத்லகேம் விண்மீனை அவர் வால் நீண்டதொரு வால்மீனாகவே வரைந்துள்ளார். 1301-ஆம் ஆண்டில் தோன்றிய பெரிய வால்மீனை அவர் தம் கண்ணாற் கண்டிருக்கக்கூடும் என அறிஞர் கருதுவர். பிறர் கேட்டின் குறியாகக் கொண்ட ஒன்றை இவ்வோவியர் நற்செய்தியின் குறியாகக் கொண்டார்.

வால்மீன் வானத்துப் பொருளா, அன்றி நம் காற்று மண்டலத்திலே பற்றியெரியும் ஆவியா என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த ஐயம். அரிஸ்டாட்டில் அது காற்று மண்டலத்தின் நிகழ்ச்சியே என்றார். 1577-ஆம் ஆண்டில் டைக்கோ பிராகி என்னும் டென்மார்க்கு அறிஞர், ஒரு வால்மீனை வெவ்வேறிடங்களினின்று அளந்த அளவுகளை ஒப்பிட்டு, அது திங்களினும் மிக அப்பாலே உள்ளதென்று காட்டினார். பின்னர் ஆங்கில அறிஞர் எட்மண்ட் ஹாலி, 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளிலே தோன்றியவை மூன்று வால்மீன்கள் அல்ல, ஒரே வால்மீனின் மூன்று வருகைகளே எனத் துணிந்து, அது 1758-ஆம் ஆண்டையொட்டி மீண்டும் வருமென்று கணித்துரைத்தார். 1742-ஆம் ஆண்டில் அவர் இறந்துபட்டார். அவர் சொல்லோ இறக்கவில்லை. 1758-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளிரவில், வானாராய்ச்சியிலே பற்றுடைய பாலிட்ஷ் என்னும் ஜெர்மானிய உழவர் அதனைத் தம் தொலைநோக்கியாற் கண்டார். ஊரார் தேர்த்திருவிழாவின் நாளைக் குறித்துவைத்துக் காத்திருப்பது போல, வால்மீனின் வரவையும் நாள் குறித்துக் காத்திருக்கலாம் என்பது அன்று உலகிற்குப் புலனாயிற்று. அச்சத்தின் முதல் வேர் அறுந்தது அப்பொழுதே எனலாம்.

இனி, வால்மீனின் அமைப்பை நோக்குவோம். அதற்கு உறுப்புகள் மூன்று: கரு, தலை, வால். நாம் வானிற் காண்பன தலையும் வாலுமே. அவை இரண்டும் கருவினின்று எழுந்த ஆவியும் தூசியும் ஆகும். கரு மிகச் சிறியது. பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவினதே. தலையோ இலக்கக்கணக்கான கிலோமீட்டர் அகலம் விரியும். வால் கோடிக்கணக்கான கிலோமீட்டர் நீளும். எண்ணூரினின்று இராயபுரம் வரையுள்ள நிலத்தில் அடங்கிவிடக்கூடிய ஒரு கட்டியினின்று இத்துணைப் பெருந்தோற்றம் விளைகின்றது.

அக்கட்டி யாது? 1950-ஆம் ஆண்டில் பிரெட் விப்பிள் என்னும் அமெரிக்க அறிஞர், அது தூசியும் கல்லும் விரவிய பனிக்கட்டியே எனக் கூறினார். இதனை விளங்கிக்கொள்வதற்கு யாம் வாழும் வடசென்னையிலேயே சான்று உண்டு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலே படகுகள் கடலிற் செல்லுமுன் ஐஸ் பார்களை இயந்திரத்திலே உடைத்து ஏற்றுவது நாடோறும் நிகழ்வது. உடைபடுங்கால் சிதறி வீழ்ந்த துண்டுகள் தரையிலுள்ள மணலோடும் கரியோடும் கலந்து கருநிறங் கொண்டு கிடக்கும். வால்மீனின் கருவும் ஏறத்தாழ அத்தகையதே. 1986-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐரோப்பியர் செலுத்திய விண்கலம் ஒன்று ஹாலி வால்மீனின் கருவிற்கு 600 கிலோமீட்டர் அளவு அணித்தாகச் சென்று படம் பிடித்தது. முற்கூறிய ஓவியரின் நினைவாக அக்கலத்திற்கு ஜியோத்தோ என்றே பெயரிட்டிருந்தனர். கரு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் உடையதென்றும், தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கே திருப்பியனுப்புகின்றதென்றும் அப்பொழுது தெரிந்தது. வானத்திலே வெள்ளிபோல் ஒளிரும் வால்மீனின் உள்ளிருப்பது, எண்ணூர்த் துறையிலே கப்பலினின்று இறங்கும் நிலக்கரியை ஒத்த கருமையதோர் உருவம் என்பது வியப்பன்றோ!

பனிக்கட்டி எனின் உருகி நீராதல் வேண்டுமே, நீர் அங்கே ஓடுமோ என ஒருவர் வினவலாம். ஓடாது. காற்றழுத்தம் இல்லாத வெளியிலே பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிவிடும். தட்டிலே வைத்த கற்பூரம் உருகி ஓடாமல் நாளடைவில் காற்றிற் கரைந்துபோதலை நாம் அறிவோம், அவ்வாறே என்க. ஞாயிற்றிற்கும் நம் நிலவுலகிற்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். அதனைப் போல் மும்மடங்கு தொலைவிற்குள் வால்மீன் நெருங்கிவந்த அளவில் அதன் பனி முனைப்பாக ஆவியாகத் தொடங்குகின்றது. 1986-ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் நொடிக்கு ஏறத்தாழ 20 டன் நீராவியை வெளியேற்றிற்று. ஆயினும் முழுக் கட்டியும் ஒரே வருகையிற் கரைந்து போவதில்லை. மேற்பரப்பிற் படிந்த தூசி அடியிலுள்ள பனியைக் காக்கின்றது. 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலே கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸிற் சேர்த்துவைப்பதற்காக, அமெரிக்காவினின்று மரக்கலங்களிலே மரத்தூளிற் பொதிந்து பனிக்கட்டி கொண்டுவந்தனர். வெயில் மிகுந்த கடல்களையெல்லாம் கடந்து அப்பனியை இங்குச் சேர்த்தது அம்மரத்தூளே. வால்மீனுக்கு அதன் தூசியே மரத்தூள்.

ஐரோப்பியர் 2004-ஆம் ஆண்டில் செலுத்திய ரொசெட்டா என்னும் விண்கலம் பத்தாண்டு பயணஞ் செய்து, 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சூரியூமோவ் கெராசிமென்கோ என்னும் வால்மீனை அடைந்து, இரண்டாண்டிற்கு மேல் அதனுடன் சென்றது. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் அது விடுத்த ஃபிலே என்னும் சிறுகலம் கருவின்மேல் இறங்கிற்று. வால்மீன் ஒன்றின் மேல் மனிதன் செய்த கருவி இறங்கியது அதுவே முதன்முறை. அக்கருவின் அடர்த்தி நீரின் அடர்த்தியிற் பாதியளவே. அதனைக் கடலிலே இட முடியுமாயின் கட்டுமரம்போல் மிதக்கும். உள்ளே நூற்றுக்கு எழுபது பங்கிற்கு மேல் வெற்றிடமாகிய புழையே உள்ளதாம்.

ரொசெட்டாவின் கருவிகள் கருவினின்று எழும் ஆவிகளைப் பகுத்துணர்ந்தன. மிகுதியாக இருப்பது நீரே. அடுத்துக் கரியமிலவாயுவும் கார்பன் மோனாக்சைடும் உள்ளன. அவற்றின் பின்னர்ச் சிற்றளவாக மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, ஃபார்மால்டிஹைடு, மெத்தில் ஆல்கஹால், ஹைட்ரஜன் சயனைடு முதலியன உள்ளன. இவற்றின் மணத்தை நாம் முகர்ந்தறியக் கூடுமாயின், அழுகிய முட்டையும், குதிரை லாயமும், சாராயமும், கசந்த வாதுமையும் ஒருங்கு கலந்ததொரு நாற்றமாயிருக்கும் என அறிஞர் கூறினர். விண்ணுலகத்துப் பொருளென்றால் நறுமணமே கமழும் என எண்ணியிருப்போர்க்கு இஃது ஏமாற்றமே. ஆலைகளினருகே வாழ்ந்து பழகிய எம்மனோர்க்கோ அந்நாற்றம் முற்றும் புதியதன்று!

இனி வாலைப் பற்றிச் சிறிது கூறுவோம். வால்மீன் ஓடுங்கால் வால் அதன் பின்னே இழுபட்டுச் செல்கின்றது என்றே பலரும் நினைக்கின்றனர். அது பொருந்தாது. வால் எப்பொழுதும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். ஆதலின் ஞாயிற்றை வலம்வந்து வால்மீன் திரும்பிச் செல்லும்பொழுது வால் முன்னும் தலை பின்னுமாகச் செல்லும். காசிமேட்டுப் பரதவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. படகினும் விரைந்து பின்னின்று காற்று வீசுமாயின், படகிற் கட்டிய கொடி படகிற்கு முன்புறமாகவே பறக்கும் என்பதை அவர் அறிவர். அவ்வாறே ஞாயிற்றினின்றும் ஒரு காற்று வீசுகின்றது. மின்னூட்டம் பெற்ற நுண்டுகள்கள் நொடிக்கு நானூறு கிலோமீட்டர் அளவு விரைவுடன் எத்திசையும் பாய்வதே அக்காற்று. லுட்விக் பீர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1951-ஆம் ஆண்டில் வால்மீன்களின் வாலை ஆராய்ந்தே இக்காற்று உண்டென்று உய்த்துணர்ந்தார். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியினின்று எழும் புகை காற்றின் போக்கைக் காட்டுதல்போல, வானத்துப் புகைக்கொடியும் ஞாயிற்றுக் காற்றின் போக்கைக் காட்டிற்று. நம் முன்னோர் இட்ட பெயரின் பொருத்தந்தான் என்னே!

நுணுகி நோக்கின் வால் இரண்டாகும். மின்னூட்டம் பெற்ற ஆவியாலாகிய வால் நேராகவும் நீலநிறமாகவும் இருக்கும். அதனை ஞாயிற்றுக் காற்றே செலுத்துகின்றது. தூசியாலாகிய வால் சற்றே வளைந்தும் வெண்மஞ்சளாகவும் இருக்கும். அதனை ஞாயிற்றொளியின் அழுத்தம் தள்ளுகின்றது. தலை சிற்சில வேளைகளிற் பசுநிறமாகத் தோன்றுவது, கார்பன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து ஒளிர்வதனாலாகும்.

இது நிற்க. வால்மீன்கள் எங்கே, எப்பொழுது பிறந்தன? ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகட்கு முன்னர் ஞாயிறும் கோள்களும் ஒரு பெரிய ஆவிமுகிலினின்று தோன்றின. ஞாயிற்றுக்கு அணித்தாயுள்ள இடத்திலே வெப்பம் மிகுதியாகலின் பனி நிலைக்கவில்லை. ஆங்குக் கல்லும் இரும்புமே திரண்டு நிலவுலகு முதலிய கோள்களாயின. சேய்மைக்கண் குளிர் மிகுதியாகலின் நீரும் பிற ஆவிகளும் தூசியின்மேல் உறைந்து பனித்திரள்களாயின. அவற்றுட் பல ஒன்றுகூடி வியாழன், சனி முதலிய பெருங்கோள்கட்கு உள்ளீடாயின. கூடாது எஞ்சியவையே வால்மீன்கள். கொத்தனார் வீடு கட்டி முடித்த பின்னர்க் கொல்லையின் ஒருபுறத்தே செங்கற்கள் சில எஞ்சிக் கிடக்கும். சுவரிலுள்ள செங்கல்லோ சுண்ணம் பூசப்பட்டு உருத்தெரியாது மறைந்திருக்கும். அது சுடப்பட்ட வகையை அறிய விரும்புவோன் கொல்லைக்கே செல்லுதல் வேண்டும். நிலவுலகின் பழம்பொருள் எரிமலையாலும் மழையாலும் பன்முறை உருமாறிப்போயிற்று. வால்மீனோ குளிரிலே காக்கப்பட்டுப் பெரும்பாலும் பிறந்தபடியே உள்ளது. இதுபற்றியே அறிஞர் அதனைத் தேடிச் செல்கின்றனர்.

எஞ்சிய இப்பனித்திரள்கள் இருவகை இடங்களிலே கிடக்கின்றன. ஒன்று, நெப்டியூன் கோளுக்கு அப்பால் வட்டமாகப் பரந்துள்ள கைப்பர் பட்டையும் அதனைச் சார்ந்த பகுதியும். 200 ஆண்டிற்குட் சுற்றி வரும் வால்மீன்களிற் பல இங்கிருந்து வருவன. மற்றொன்று, ஊர்ட் முகில். 1950-ஆம் ஆண்டில் யான் ஊர்ட் என்னும் டச்சு அறிஞர், நெடுங்காலத்திற்கு ஒருமுறை வரும் வால்மீன்களின் பாதைகளை ஆராய்ந்தார். அவை எத்திசையினின்றும் வருதலையும், மிகப் பெருந்தொலைவினின்று வருதலையும் கண்டு, ஞாயிற்றுக் குடும்பம் முழுவதையும் ஓடுபோற் சூழ்ந்ததொரு முகில் உண்டெனத் துணிந்தார். ஞாயிற்றொளி நம்மை அடைய எட்டு நிமிடமே செல்லும். அம்முகிலின் புறவெல்லையை அடைய ஓராண்டிற்கு மேற் செல்லும். அம்முகிலை நேரே கண்டார் இதுகாறும் ஒருவரும் இலர். ஆங்கே கிடக்கும் திரள்கள் முதலிற் பெருங்கோள்களுக்கு அணித்தாகப் பிறந்தன என்றும், அக்கோள்களின் ஈர்ப்பால் எறியப்பட்டுச் சேய்மையை அடைந்தன என்றும் கருதுவர். வழிப்போக்கராகச் செல்லும் விண்மீன்களின் ஈர்ப்பால் அவற்றுள் ஒன்று நிலைபெயர்ந்து ஞாயிற்றை நோக்கி விழும்பொழுது நாம் அதனை வால்மீன் என்கின்றோம்.

வால்மீன் குளிரில் மட்டுமே பிறந்ததென்று கொள்வதற்கும் ஒரு தடை உண்டு. ஸ்டார்டஸ்ட் என்னும் அமெரிக்கக் கலம் 2004-ஆம் ஆண்டில் வில்ட் என்னும் வால்மீனின் தூசியைப் பற்றி, 2006-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நிலவுலகிற்குக் கொணர்ந்தது. அத்தூசியிலே கடுவெப்பத்திலன்றித் தோன்றாத கனிமங்கள் இருந்தன. ஞாயிற்றின் அருகே வெந்த பொருள் எவ்வாறோ வெளியே சிதறிப் பனியோடு கலந்துள்ளது. நெருப்பிற் பிறந்ததும் குளிரிற் பிறந்ததும் ஒரே கட்டியிலே உள்ளன என்க.

வால்மீனுக்குப் பிறப்பு உண்டாயின் இறப்பும் உண்டு. அதன் வரலாற்றிலே நம் சென்னைக்கும் ஓர் இடம் கிடைத்தது. 1826-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட பீலா என்னும் வால்மீன் ஏறத்தாழ ஆறரை ஆண்டிற்கு ஒருமுறை வருவது. 1846-ஆம் ஆண்டில் அது இரண்டாகப் பிளந்து தோன்றிற்று. 1852-இல் இரு பிளவுகளும் காணப்பட்டன. பின்னர் அதனைக் கண்டார் இலர். 1872-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் இரவு, நிலவுலகு அதன் பாதையைக் கடந்தபொழுது, ஐரோப்பாவில் எரிமீன்கள் மழைபோற் பொழிந்தன. அழிந்த வால்மீனின் தூசியே அம்மழை. ஆனால் ஜெர்மனியிலிருந்த கிளிங்கர்பியூஸ் என்னும் அறிஞர், வால்மீனே நிலவுலகை உரசிச் சென்றதென எண்ணி, அது சென்ற திசை தென்வானத்தைச் சார்ந்ததாகலின், சென்னை வானாராய்ச்சி நிலையத்திலிருந்த நார்மன் போக்சன் என்பார்க்குத் தந்தி கொடுத்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றிருந்தது அந்நிலையம். டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களின் விடியற்காலையிலே போக்சன் முகிலினிடையே ஒரு வால்மீனைக் கண்டார். பின்னர் முகில் மூடிக்கொண்டது. ஆராய்ந்த பின்னர், அவர் கண்டது பீலா அன்று, வேறொன்றென்று தெரிந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. ஆயினும் கண்டதைக் கண்டவாறே குறித்தமையால் அவர் குறிப்பு இன்றும் நிற்கின்றது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். வால்மீனுக்கு அஞ்சுதல் தக்கதா? 1910-ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வந்தபொழுது, அதன் ஒளியைப் பகுத்தாராய்ந்த அறிஞர் அதிலே சயனோஜன் என்னும் நச்சாவி இருத்தலைக் கண்டனர். மே 19-ஆம் நாளையொட்டி நிலவுலகு அதன் வாலினூடே செல்லக்கூடும் என்பதும் தெரிந்தது. இவ்விரண்டையும் கேட்ட மக்கள், மேலைநாட்டிலே கதவிடுக்குகளை அடைத்தனர். சிலர் வால்மீன் நஞ்சிற்கு மாற்றென்று மாத்திரைகளும் விற்றனர். அந்நாளும் வந்தது, போயிற்று. ஒருவர்க்கும் ஊறு விளையவில்லை. நம் கோடைக்கானல் மலையிலே எவர்ஷெட் என்பார் அமைதியுடன் அவ்வால்மீனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நஞ்சு இருந்தது உண்மை. ஆனால் வால்மீனின் வால், ஆய்வுக்கூடங்களிலே காற்றை வெளியேற்றி உண்டாக்கும் வெறுமையினும் மெல்லியது. அளவு நோக்காது பெயரை மட்டும் கேட்டு அஞ்சியதே அன்றைய மக்களின் பிழை.

அளவு நோக்காது அஞ்சுதல் பிழையாயின், அளவு நோக்காது அஞ்சாதிருத்தலும் பிழையே. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தினருகே கடலினடியிற் செல்லுங் குழாயினின்று அமோனியா கசிந்தது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாளிரவு அது. உறங்கிய மக்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறித் தெருவிற்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். வால்மீனிலுள்ளதும் அமோனியாவே; குழாயிலிருந்ததும் அமோனியாவே. முன்னது கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மிகச் சிற்றளவாய், வெளியிலே கரைவது. பின்னது குடிசையின் வாயிலிலே திரண்டு வந்தது. முன்னதற்கு அஞ்சி உலகமே நடுங்கிற்று. பின்னதைப் பற்றி அவ்வூரார் முன்னரே கவலையுறாதிருந்தனர், குழாயில் ஓடுவது யாதென்று அவருட் பலர்க்கு ஒருவருஞ் சொல்லாமையால். பொருளின் பெயரையும், அளவையும், அண்மையையும் அறிந்த பின்னரே அஞ்சத்தக்கது இது, அஞ்சத்தகாதது இது எனப் பகுத்தல் கூடும். அறிவியல் நமக்கு அளிக்கும் பெரும்பேறு இதுவே என்பது எம் கருத்து.

வால்மீனால் தீங்கே இல்லை என்று கூறுதலும் உண்மையாகாது. 1994-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஷூமேக்கர் லெவி என்னும் வால்மீனின் துண்டுகள் வியாழன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்து, நிலவுலகத்தளவு பெரிய கருவடுக்களை உண்டாக்கின. அத்தகைய மோதல் நிலவுலகிற்கு மிக அரிதாகவே நிகழ்வது. அதற்கும் செய்யத்தக்கது கண்விழித்து நோக்குதலேயன்றிக் கலங்குதல் அன்று.

அதனால் விளைந்திருக்கக்கூடிய நன்மையும் உண்டு. உயிர்ப்பொருளுக்கு அடிப்படையாகிய புரதங்களிற் சேர்ந்துள்ள கிளைசின் என்னும் பொருள் வில்ட் வால்மீனின் தூசியிலும், ரொசெட்டா கண்ட ஆவியிலும் காணப்பட்டது. எலும்பிற்கு இன்றியமையாத பாஸ்பரசும் பின்னதிற் காணப்பட்டது. நம் கடல்நீர் வால்மீன்களால் வந்ததோ என்ற வினாவும் எழுந்தது. ரொசெட்டா ஆராய்ந்த வால்மீனின் நீரில் கனஹைட்ரஜனின் பங்கு கடல்நீரிலுள்ளதைப் போல் மும்மடங்கிற்கு மேற்பட்டதென அக்கருவிகள் காட்டின. 2011-ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட ஹார்ட்லி என்னும் வால்மீனிலோ அது கடல்நீரை ஒத்திருந்தது. ஆகவே வழக்கு இன்னும் முடிவுறவில்லை. மனிதன் மண்ணினின்று உருவாக்கப்பட்டவன் என்று நாம் சிறுவயதிலேயே கற்றோம். அம்மண்ணின் ஒரு துகள் இத்துணைச் சேய்மையினின்று வந்திருக்கலாம் என எண்ணுங்கால் படைத்தவனின் பெருமை முன் தலை வணங்காதிருத்தல் அரிது.

மாணவ நண்பர்காள்! சென்னையிற் பிறந்த வைணு பாப்பு என்பார், 1949-ஆம் ஆண்டில், ஹார்வர்டிலே மாணவராயிருந்தபொழுது, 22 வயது நிரம்புமுன், பாக், நியூகர்க் என்னும் இருவருடன் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். அது மூவர் பெயராலும் வழங்குகின்றது. பின்னர் அவர் தாயகம் திரும்பிக் கோடைக்கானல் நிலையத்திற்குத் தலைவராகி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமையக் காரணரானார். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம்மை ஒத்த வயதினர் ஒருவர் செய்தது நம்மால் இயலாததன்று.

ஹாலி வால்மீன் 2061-ஆம் ஆண்டில் மீண்டும் வரும். அப்பொழுது இன்று பயிலும் நாம் ஐம்பது வயதைக் கடந்திருப்போம். அது வருவது உறுதி. அதன் பாதை கணக்கிடப்பட்டுவிட்டது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கடற்கரையில் நின்று அன்று அதனைக் காண்போர் தூய காற்றை உயிர்த்து நிற்பரோ என்பது மட்டுமே கணக்கிற்கு அடங்காதது. அஃது ஆள்வோரையும், அவரை வினவும் அறிவுடைய குடிமக்களையும் சார்ந்தது. தூமம் தோன்றினும் நாடு நலங்குன்றாது என்று கபிலர் பாரியின் நாட்டைப் பாடினார். எம் நாட்டையும் அவ்வாறு பாடும் நாள் வருவதாக.